பாரம் யாருடையது?

சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில், நீலாங்கரையிலிருந்து உத்தண்டி வரை எங்கேனும் ஓரிடத்தில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். குட்டியானைகள் வரிசையாக ஊர்ந்து போகும். காட்டிலிருந்து வந்தவையல்ல, நான்கு சக்கரச் சிறு சரக்கு வண்டிகள். 2005ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனி இந்த வண்டியை 'ஏஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. நம் மக்கள் அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டு 'குட்டியானை' என்று சூட்டிவிட்டார்கள். பெயர் வைப்பதில் பாமரனை மிஞ்ச ஆள் கிடையாது! ஆனால், பெயரில் யானை இருக்கிறது என்பதற்காக யானைப் பாரத்தை ஏற்றலாம் என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்களே, அதைப் பற்றித்தான் இன்று நாம் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வண்டிகளில் என்ன போகிறது? பங்களாத் தோட்டங்களுக்குச் செம்மண். நடைபாதைக்குக் கருங்கல் பலகை. செடிகளின் அடியில் பரப்ப வெள்ளைக் கூழாங்கல். மாமல்லபுரத்துச் சிற்பிகள் செதுக்கிய கல் விளக்கு, கல் தொட்டி. சீமான் வீட்டுத் தோட்டம் அழகாக இருக்கட்டும். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தோட்டம் போடுவதால் தொழிலாளிக்கும் நாலு காசு கிடைக்கிறது. பொறாமையால் எழுதுகிறோம் என்று எவரும் கருத வேண்டாம். அந்த மண்ணும் கல்லும் யாருடைய ஆபத்தின் மீது ஏறி வருகின்றன என்பதே நமது கேள்வி.

லாரியில் கொண்டுவரலாமே என்பீர்கள். பங்களா இருக்கும் சந்தில் லாரி திரும்பாது. நகரத்துக்குள் கனரக லாரிகளுக்குத் தடை நேரங்களும் உண்டு. ஆகவே, சாலையோரத்தில் கொட்டிக் கிடக்கும் மண்ணைச் சிறு வண்டியில் வாரிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. வேலை சிறு வண்டிக்கு வருகிறது. நல்லதுதான். பாரமும் லாரிப் பாரமாகவே வருகிறதே, அங்கேதான் வம்பு.

கணக்கைப் பார்ப்போம். தோழர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காய்ந்த மணல் ஒரு கன அடி ஏறக்குறைய 45 கிலோ. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. அதாவது நாலரை டன். தொடக்கத்தில் வந்த குட்டியானை தாங்கக்கூடிய சரக்கோ சுமார் முக்கால் டன், 750 கிலோ. அதன் தொட்டி ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஓரடி உயரம். விளிம்பு மட்டத்துக்கு மணலை நிரப்பினால் 33 கன அடிக்குக் குறையாது. எடை? ஒன்றரை டன்! குவித்துக் கட்டவில்லை, மேலே பலகை வைத்து உயர்த்தவில்லை. தொட்டியைச் சமமாக நிரப்பினாலே அளவுக்கு இருமடங்கு ஆகிவிடுகிறது. மழையில் நனைந்த மணலென்றால் அதற்கும் மேல்.

கல்லின் கணக்கு இன்னும் ஏமாற்றும். ஓர் அங்குல கனமுள்ள கருங்கல் பலகை ஒரு சதுர அடிக்கு ஆறு கிலோவுக்கு மேல் எடையிருக்கும். 100 சதுர அடி ஏற்றினால் 600 கிலோவைத் தாண்டிவிடும். பார்வைக்கோ வண்டி காலியாகத் தெரியும். "என்னப்பா, முக்கால் வண்டி காலியாகக் கிடக்கிறதே, வாடகை மட்டும் முழுசாகக் கேட்கிறாயே!" என்று மேஸ்திரி கேட்பது அப்போதுதான். டிரைவர் வாயடைத்து நிற்கிறார். "இன்னும் நாலு கல் போடுங்கண்ணே" என்கிறார். மறுத்தால் அடுத்த வண்டிக்காரர் தயாராக நிற்கிறாரே!

அரை யூனிட் செம்மண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மண்ணும் மணலின் எடைக்குக் கிட்டத்தட்ட வரும். நியாயமாக மூன்று நடை. காண்ட்ராக்டர் இரண்டு நடைக்கு மேல் பேச மாட்டார். மூன்றாவது நடையின் வாடகை யாருக்கு மிச்சம்? வண்டிக்காரருக்கல்ல. பங்களாக்காரருக்காவது மிச்சமா என்றால், அவரிடம் எத்தனை நடைக்குக் கணக்கு எழுதப்படுகிறது என்பது காண்ட்ராக்டருக்கே வெளிச்சம்!

"பட்டறையில் ஸ்பிரிங்குக்குக் கூடுதலாக ஒரு பட்டை போட்டிருக்கிறேன், தாங்கும்" என்று நம் தோழர்களே சிலர் சொல்கிறார்கள். பட்டை தாங்கும். டயர் தாங்குமா? அச்சு தாங்குமா? பிரேக் தாங்குமா? வண்டியின் சொந்த எடை சுமார் 800 கிலோ. முக்கால் டன் ஏற்றினால் மொத்தம் 1,550 கிலோ. ஒன்றரை டன் ஏற்றினால் 2,300. அதே வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய சூடு ஒன்றரை மடங்காகிறது. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் சரிந்துவிட்டாலோ முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கேட்காது. எதிரே பள்ளிப் பிள்ளை சைக்கிளில் வந்தால்?

சட்டம் இல்லாமலில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு இருக்கிறது. முன்பு அதிகப் பாரத்துக்கு அபராதம் 2,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயுமாக இருந்தது. 2019 செப்டம்பர் முதல் 20,000 ரூபாயும், டன்னுக்கு 2,000 ரூபாயும் என்று ஆக்கிவிட்டார்கள். பல டன் கூடுதலாக ஏற்றும் பெரிய லாரிக்கும் அந்த 20,000தான். தவணை கட்டிக்கொண்டிருக்கும் குட்டியானைக்காரருக்கும் அதே 20,000தான். ஒரே அபராதம், ஒரே நீதி! ஆகா, எப்பேர்ப்பட்ட சமத்துவம்!

ஆயினும் அந்தப் பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்கிறவரும், ஓட்ட அனுமதிக்கிறவரும் குற்றவாளியே என்று சட்டம் கூறுகிறது. நாம் கேட்கிறோம்: 'ஏற்று, ஏற்று' என்று நின்று ஏற்ற வைத்தவர் ஓட்டச் செய்தவர் இல்லையா? அவரைத் தேடி அதிகாரிகள் போனதுண்டா? சாலையில் மடக்கப்படுவது டிரைவர். ஆவணங்களை நீட்டுவது டிரைவர். அதிகப் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும் என்றால், இறக்குகிற செலவும் அவர் தலையில். காண்ட்ராக்டரின் செல்போன் அந்நேரம் பார்த்து அணைந்துவிடும்.

காப்பீட்டு விஷயமும் இருக்கிறது. சாதாரண கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டினார் என்று சாக்குச் சொல்லி நஷ்டஈடு மறுக்கும் வழக்கம் கம்பெனிகளுக்கு இருந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் பெஞ்சு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அந்த லைசென்ஸே போதும் என்றது. ஒரு கதவு மூடியது. அதிகப் பாரம் என்ற இன்னொரு கதவை நாமே ஏன் திறந்துவிட வேண்டும்?

இவ்வளவுக்கும் நடுவில் லோடுமேனை யாரும் பேசுவதில்லை. வண்டி நுழையாத இடத்தில் சும்மாடு கட்டித் தலையில் சுமந்து போகிறவர் அவர். ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967இலேயே பரிந்துரைத்தது. ஒன்றரை அடிக்கு ஆறடி கருங்கல் பலகை ஒன்றே அதைத் தாண்டும். இருவர் தூக்க வேண்டியதை ஒருவர் தூக்குகிறார். வேலை முடிந்ததும் அதே பாரத்தின் மேல் உட்கார்ந்து அடுத்த இடத்துக்குப் போகிறார். வண்டி கவிழ்ந்தால் கல்லுக்கு அடியில் இருப்பது அவர்தான்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரே ஸ்டாண்டில் நிற்கும் பத்து வண்டிகளில் ஒன்பது பேர் மறுத்து, ஒருவர் ஏற்றிக்கொண்டு போனால் ஒன்பது பேரின் மறுப்பும் வீண். அந்த ஒருவரைத் துரோகி என்று திட்டிப் பயனில்லை. மாதத் தவணை அவரையும் துரத்துகிறது. நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசும்வரை இந்தப் போட்டி ஓயாது. எடைக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். எடைமேடைச் சீட்டில் காண்ட்ராக்டரின் கையெழுத்து இருக்க வேண்டும். அந்தச் சீட்டு டிரைவரின் பையில் இருந்தால், ஓட்டச் செய்தவர் யார் என்று அதிகாரிகளுக்குக் காட்டலாம். அதிகாரிகள் அவர்மீதும் வழக்குப் போட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

சங்கத் தோழர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு வண்டியின் ஆர்.சி.யிலும் காலி எடையும் மொத்த எடையும் எழுதியிருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். ஏறும் ஆட்களின் எடையையும் கழியுங்கள். மிஞ்சுவதை 45ஆல் வகுத்தால் எத்தனை கன அடி மணல் என்று தெரிந்துவிடும். தொட்டியின் உட்புறத்தில் அந்த உயரத்துக்குச் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுங்கள். 750 கிலோ வண்டிக்கு அது ஆறு அங்குலத்துக்குள்தான் வரும். தோஸ்த், பொலேரோ போன்ற வண்டிகளுக்குத் தனிக் கணக்கு. ஸ்டாண்டிலுள்ள எல்லா வண்டியிலும் கோடு விழுந்த பிறகு, மேஸ்திரி வந்து "இன்னும் நாலு சட்டி" என்று சொல்லட்டும், பார்க்கலாம்.