எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் சம்பளம் உண்டு

செபராங் ஜெயாவில் திருமணமோ கல்லூரி விழாவோ, ஒலிபெருக்கியும் எல்இடி திரையும் இல்லாமல் நடப்பதில்லை. அவற்றைப் பொருத்தும் இளைஞர்கள் விருந்தினருக்கு முன்பே வருகிறார்கள். நாற்காலிகளை அடுக்கிய பிறகுதான் கிளம்புகிறார்கள்.

இத்துறைக்குச் செல்ல விரும்பும் என் நண்பர்கள், "மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்றே கேட்கிறார்கள். "மிகைநேரத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள்?" என்பதையும் முதலாளியிடம் கேட்க வேண்டும் என்பேன்.

2025இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால், மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு, மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அப்படியானால் மணிக்கு 12 ரிங்கிட் 26 சென். மூன்று மணி நேரம் கூடுதலாகக் கேபிள் சுருட்டினால் ஏறக்குறைய 37 ரிங்கிட். மாதம் பத்து இரவுகளுக்கு 368 ரிங்கிட். ஒரு பொட்டலம் நாசி கோரெங் அதற்கு ஈடாகுமா?

ஏணியும் மின்சாரமும் கலந்த வேலை இது. எனவே சொக்சோ சந்தா கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். நியமனக் கடிதம் வாங்குங்கள். வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் தினமும் எழுதி வையுங்கள். பாக்கி வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் காட்ட அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.