நம்ம காய்க்கு நம்ம அடுப்பில் இடம் உண்டா?

போன ஐப்பசியில் லண்டனில் உள்ள மகள் வீட்டில் தங்கியிருந்தேன். முருங்கைக்காய் இல்லாமல் குழம்பா என்று கேட்டேன். "விமானத்துல வர்ற காய் எதுக்குப்பா? இங்க விளையுறத வச்சே நம்ம சமையல் செய்யலாம்" என்றாள். அங்குள்ள வாரச்சந்தையில் உழவர்கள் விற்ற கேல், அதாவது முட்டைக்கோஸ் இனத்துக் கீரை, பாசிப்பருப்போடு கூட்டானது. பரங்கிக்காய் புளிக்குழம்பில் வெந்தது. பேரப்பிள்ளைகள் ரசித்துச் சாப்பிட்டார்கள்.

ஊர் திரும்பினால், எங்க வீட்டு அடுப்பில் கேரட்டும் பீன்ஸும். மலையில் விளைந்து, லாரியேறி மாட்டுத்தாவணிக்கு வந்தவை. என் தோட்டத்துச் சுரைக்காயும் சீனியவரையும் திண்ணையில் வாடிக் கிடந்தன. வெட்கமாப் போச்சு.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம்ம மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விற்க வழி பிறந்தது. ஆனால் வீட்டுத் தட்டில் இடமில்லாத காய்க்குச் சந்தையில் இடம் கிடைத்து என்ன பயன்?

"வாங்குறவங்க கேரட்தானே கேக்குறாங்க" என்பீர்கள். உண்மைதான். சுரைக்காய் விற்கும்போது சமைக்கும் முறையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டால் கூட்டு. ரெண்டு வாரம் கழித்து அவர்களே தேடி வருவார்கள்.

இயற்கை வேளாண்மைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இதுதான் என் கருத்து. நஞ்சில்லாமல் விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை முதலில் நாம சாப்பிடணும். நாமே ஒதுக்குற காயை ஊரார் எப்படி வாங்குவார்கள்?