சம்பளத்துக்குச் செய்த சேவை

அமெரிக்காவில் பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அதற்குத் தயாராகும் 'பிரீமெட்' மாணவர்களுக்கு எம்கேட் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் மட்டும் போதாது. பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கு, 700 எழுத்துகளுக்குள் விளக்கம். தலைமைப் பொறுப்பு, ஆய்வு, நோயாளிகளோடு பழக்கம் மூன்றும் இருந்தால் விண்ணப்பத்துக்கு மதிப்பு கூடும். 720-க்கு எவ்வளவு என்பதோடு முடிந்துவிடும் நம் நீட் முறையில் சலித்தவர்களுக்கு இது பொறாமையைத் தரலாம். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த மணிகளுக்கு விலை உண்டு. கோடை விடுமுறை முழுக்க ஆய்வகத்தில் ஊதியமின்றி உழைக்கிறவரின் வாடகையை வேறு யாரோ கட்டியாக வேண்டும். மருத்துவரின் கூடவே இருந்து பார்க்கும் 'ஷேடோயிங்' வாய்ப்பு, வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தால் சுலபமாக அமைந்துவிடும். மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வருமானத்தில் மேல்தட்டு 40 சதவீதக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே கணக்குக் காட்டியிருக்கிறது. பழியை முழுக்க இந்த அனுபவப் பட்டியல்மேல் போட முடியாது. மதிப்பெண்ணும் பணத்தோடு சேர்ந்துதான் ஏறுகிறது. ஆகவே பட்டியலைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு எடை என்பதே என் கேள்வி. குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற்று, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செவிலியர் உதவியாளராகக் கூலிக்கு வேலை செய்யும் மாணவரை எடுத்துக்கொள்வோம். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, வைதாலும் முகம் சுளிக்காமல் இருப்பது. மருத்துவருக்குப் பின்னால் நின்று பார்த்தவரைவிட நோயை நெருங்கி அறிந்தவர் இவர்தான். மூன்று ஆட்கள் செய்ய வேண்டியதை இரண்டு பேர் பகிர்ந்து இரவுப் பணியை ஒப்பேற்றுவதும் தலைமைப் பண்பே. மாணவர் மன்றத் தலைவர் பதவிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

காசுக்குச் செய்தது சேவையாகுமா என்பார்கள். கல்லூரி இடத்துக்காகச் செய்யும் தன்னார்வப் பணியும் கைம்மாறு கருதியதுதான்; மருத்துவர்களும் ஊதியம் வாங்குகிறார்கள். ஆய்வுக்குத் தரும் எடையைக் குறைக்கக் கூடாது என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 1910-இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு அமெரிக்க மருத்துவக் கல்வி அறிவியல் அடித்தளத்தின்மேல் நிமிர்ந்தது. சான்றுகளை எடைபோடத் தெரியாத மருத்துவர் ஆபத்தானவர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திறனைக் கற்றுத்தரத்தானே மருத்துவக் கல்லூரி இருக்கிறது? எம்.டி.யோடு பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்க வருகிறவரிடம் ஆய்வக அனுபவத்தை முன்கூட்டியே கேட்பது நியாயம். எல்லோரிடமும் எதிர்பார்ப்பது வசதிக்குப் போடும் கூடுதல் மதிப்பெண்.

வாழ்க்கையில் சந்தித்த தடைகளை விவரிக்க இப்போது விண்ணப்பத்தில் தனியே 1,325 எழுத்துகள் இடம் கொடுக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனாலும் எனக்கு நெருடுகிறது: வறுமையை உருக்கமாக எழுதத் தெரிந்தவருக்கே அது உதவும். ஊதியம் பெற்ற மருத்துவப் பணிக்கென்று அதே படிவத்தில் ஏற்கெனவே ஒரு வகை இருக்கிறது. தேர்வுக் குழு அங்கே பதிந்திருக்கும் மணிகளிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.