60 நாள் லீவும் 84 நாள் விளையாட்டும்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுகளுக்கான சட்டத்தை இரண்டே நாளில் நிறைவேற்றியது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். திறமை விளையாட்டு என்று சொன்னாலும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சொன்னாலும், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதற்கும் இனி அனுமதி இல்லை. நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆண்டுதோறும் சுமார் 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய் அளவுக்கு இழக்கிறார்கள் என்பது அப்போது அரசுத் தரப்பு முன்வைத்த மதிப்பீடு.

தமிழ்நாடு இந்தப் பாதையில் முன்பே நடக்கத் தொடங்கிவிட்டது. 2022இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாது என்று மாநில அரசு விதி கொண்டுவந்தது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

இந்தச் சட்டங்களை வரவேற்கிறோம். ஆனால் இவை பெரும்பாலும் பணத்தைப் பற்றியவை. பணம் வைத்து ஆடுவது கூடாது என்பது நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "நான் காசு வைத்து ஆடவில்லையே" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் ஆண்டுக்கணக்கில் எதை இழக்கிறார் என்பதைத்தான் நாம் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களை வைத்து அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாளின் கணக்கு

வளைகுடா நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். நம் கடலோர ஊர்களில் சபராளி இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. அவர்களில் ஒருவரின் சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம்.

அமீரகத்திலும் சவூதியிலும் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்ந்தால் பத்து மணி நேரம். கேம்ப்பிலிருந்து சைட்டுக்கும் சைட்டிலிருந்து கேம்ப்புக்கும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தொழுகை, குளியல், துணி துவைப்பு, மெஸ் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மணி. உறக்கம் ஏழு மணி. ஆக 21 மணி நேரம் போய்விட்டது. மீதி மூன்று மணி நேரம். ஒரு மனிதன் தனக்கென்று வைத்துக்கொள்ள அந்த நாளில் இருப்பது அவ்வளவுதான்.

அந்த மூன்று மணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார்? பெட் ஸ்பேஸில் கட்டிலைச் சுற்றித் திரைத்துணி கட்டிக்கொண்டு கைப்பேசியைக் கையில் எடுக்கிறார். "ஒரே ஒரு மேட்ச்" என்று தொடங்குகிறது.

பல நிறுவனங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு என்பது வழக்கம். இரண்டு ஆண்டில் 730 நாள். லீவு 60 நாளைக் கழித்தால் 670. நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடினால் 2,010 மணி நேரம். அதை 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 84 முழு நாட்கள். விடுமுறை நாட்களில் கூடுதலாக ஆடுவதை இதில் சேர்க்கவில்லை.

எந்த 60 நாளுக்காக இரண்டு ஆண்டு காத்திருந்தாரோ, அதைவிட 24 நாள் அதிகமாக அவர் திரைக்குள்ளே கழித்திருக்கிறார். பணம் ஒரு திர்ஹம்கூடப் போகவில்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரு முழு லீவு போயிருக்கிறது.

சோம்பல் இல்லை, களைப்பு

இதைப் படித்ததும் "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று யாரும் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். பத்து மணி நேரம் வெயிலிலும் சூப்பர்வைசரின் சத்தத்திலும் நின்றுவிட்டு வருபவருக்குப் புத்தகம் படிக்கவோ புதிய மொழி கற்கவோ தெம்பு இருப்பதில்லை. அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருப்பவரின் நிலையும் வேறல்ல. டார்கெட்டும் மாத முடிவு அறிக்கையும் இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியும் அவரை அறை வரை துரத்துகின்றன.

நீண்ட வேலை நேரம் என்ன செய்யும் என்பதை உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததால் ஏற்பட்ட பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்பது அந்த மதிப்பீடு. இந்தியாவிலோ 2023இல் ஒரு தொழிலதிபர் வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 தொடக்கத்தில் இன்னொருவர் அதை 90 ஆக்கினார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டப்பேரவையிலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது.

களைத்த மனம் எளிதாகக் கிடைக்கும் வெற்றியைத் தேடுகிறது. நாள் முழுக்க யாரும் "நன்றாகச் செய்தாய்" என்று சொல்லாத ஒருவருக்கு விளையாட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைச் சொல்கிறது. அதில் லெவல் ஏறுகிறது. வேலையில் ஏறுவதில்லை.

அந்த விளையாட்டுகளும் தற்செயலாக அப்படி அமையவில்லை. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும், குழுவில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர்கள் தோற்பார்கள் என்றெல்லாம் திட்டமிட்டே செய்யப்படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டமாகக் கருதி பெல்ஜியம் 2018இலேயே நடவடிக்கை எடுத்தது. இங்கே "காசு வைத்து ஆடவில்லை" என்று சொல்பவர்களில் பலர் அந்தப் பெட்டிகளுக்காக கார்டைத் தட்டியிருப்பார்கள்.

விளையாட்டு இன்று எவ்வளவு பெரிய வணிகம் என்பதற்குச் சவூதியே சாட்சி. அந்நாட்டு அரசு முதலீட்டு நிதியத்தின் விளையாட்டு நிறுவனம் 2023இல் ஸ்கோப்லி என்ற கைப்பேசி விளையாட்டு நிறுவனத்தை 490 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல் ரியாத்தில் இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பை தொடங்கியது. 2025 செப்டம்பரில் அதே நிதியம் இடம்பெற்ற கூட்டணி ஒன்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தத்தை அறிவித்தது. நம் சகோதரரின் அந்த மூன்று மணி நேரத்துக்கு இவ்வளவு விலை இருக்கிறது. அதன் மதிப்பு அவருக்கு மட்டும் தெரியவில்லை.

விளையாடும் எல்லோரும் நோயாளிகள் அல்ல. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முக்கியமாகிவிடுவது, கேடு வருவது தெரிந்தும் தொடர்வது. பொதுவாக இந்த நிலை ஓராண்டாவது நீடிக்க வேண்டும். பெரும்பாலானோர் அந்த எல்லைக்கு வருவதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமே இழப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதுதான் நாம் சொல்ல வருவது.

முதலில் உடைவது நட்பு

அந்த இழப்பு சம்பளச் சீட்டில் தெரியாது. நட்பில்தான் முதலில் தெரியும்.

ஆறு பேர் இருக்கும் அறையில் இரவு ஒரு மணிக்கு ஒருவர் ஹெட்செட் போட்டுக்கொண்டு கத்துகிறார். மேல்கட்டிலில் இருப்பவருக்கு நாலரைக்கு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். முதல் வாரம் பொறுத்துக்கொள்கிறார், இரண்டாம் வாரம் முனகுகிறார், மூன்றாம் வாரம் மெஸ் கணக்கில் சண்டை வருகிறது. சண்டை மெஸ் கணக்கைப் பற்றியதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பணம் வைத்து ஆடுபவர் என்றால் கதை இன்னும் மோசம். "சம்பளம் வந்ததும் தருகிறேன் காக்கா" என்று வாங்கிய கைமாற்று திரும்பி வருவதில்லை. கொடுத்தவர் கேட்கக் கூச்சப்படுகிறார், வாங்கியவர் முகம் பார்க்கக் கூச்சப்படுகிறார். ஒரே அறையில் இருந்துகொண்டு இருவரும் பேசுவதில்லை. இந்தியாவின் புதிய சட்டம் இந்தியாவில் வழங்கப்படும் சேவைகளுக்கானது, ஷார்ஜாவின் அறைக்குள் அது வந்து காப்பாற்றாது. அங்கே உரிமமில்லாத சூதாட்டம் குற்றம். மாட்டினால் வேலையும் விசாவும் சேர்ந்தே போகும்.

ஊரில் இருக்கும் நண்பர்களின் கதை வேறு. பள்ளிக்காலத்து வாட்ஸ்அப் குழுவில் 40 பேர் இருப்பார்கள். பெருநாள் வாழ்த்தும் இறப்புச் செய்தியும் தவிர வேறு எதுவும் வருவதில்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு இயல்பாக இயங்காததால் வேறு செயலியைத் தேடிப் பேச வேண்டும். அந்தச் சிரமத்துக்குச் சோம்பி பேச்சு மாதத்துக்கு ஒரு முறையாகிறது, பிறகு அதுவும் நிற்கிறது. தந்தை மவுத்தானபோது நண்பன் அழைக்கவில்லை என்ற மனத்தாங்கல் ஒரு பக்கம், செய்தியே இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன் என்ற குற்ற உணர்வு மறுபக்கம்.

தனிமை சிறிய விஷயமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகச் சொல்கிறது. ஆண்டுக்கு 8,71,000 மரணங்களை அது தனிமையோடு தொடர்புபடுத்துகிறது. ஆறு பேர் உறங்கும் அறையிலும் ஒருவர் தனியாக இருக்க முடியும்.

லீவு தாங்காத சுமை

இத்தனைக்கும் மருந்தாக நாம் நம்பியிருப்பது லீவு. "ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இரண்டு ஆண்டு ஓடுகிறது.

டிக்கெட் விலையே முதல் அடி. பெருநாளையும் பள்ளி விடுமுறையையும் ஒட்டி விமானக் கட்டணம் பல மடங்கு ஏறும். எப்படியோ வந்து இறங்கினால் முதல் வாரம் விருந்தும் விசாரிப்பும். பிறகு பத்திரப் பதிவு, வங்கி, வீட்டு வேலை, உம்மாவுக்கு மருத்துவமனை, தங்கையின் திருமணப் பேச்சு. நண்பர்கள் குற்றாலம் போகலாம் என்கிறார்கள், செலவு யாருடையது என்பதை யாரும் சொல்வதில்லை. பிள்ளையோ முதல் சில நாள் வாப்பாவைப் பார்த்து ஒளிந்துகொள்கிறது. அது ஒட்டத் தொடங்கும்போது திரும்பிப் போகும் நாள் நெருங்கிவிடுகிறது.

இதில் இரவு நேரப் பழக்கம் மட்டும் விமானம் ஏறிக் கூடவே வந்துவிடுகிறது. வீடே உறங்கியபின் மாடியில் ஒரு கைப்பேசி வெளிச்சம் தெரியும். காத்திருந்த மனைவிக்கு அந்த வெளிச்சம் என்ன சொல்லும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 22 மாதம் சேர்த்துவைத்த களைப்பு, கோபம், பேசாத பேச்சு எல்லாவற்றையும் இரண்டு மாத லீவின் தலையில் ஏற்றினால் எந்த லீவும் தாங்காது.

என்ன செய்யலாம்?

முதலாவது, லீவை முதலாளியின் தயவாக நினைப்பதை விட வேண்டும். அமீரகச் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஊதியத்துடன் விடுப்பு உரிமை. சவூதியில் 21 நாள், ஒரே இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தால் 30 நாள். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாதம் என்பதைவிட ஆண்டுக்கு ஒரு மாதம் வர முயலலாம். டிக்கெட் செலவு கூடும், ஆனால் பிள்ளை முகத்தை மறக்காது.

இரண்டாவது, அறைக்கு ஒரு விதி வேண்டும். இரவு பத்தரைக்கு விளக்கும் சத்தமும் நிற்கும் என்று ஆறு பேரும் சேர்ந்து முடிவெடுத்தால் யாரும் யாருக்கும் எதிரியாக வேண்டியதில்லை. விளையாட்டுக்குக் கைமாற்று கொடுப்பதில்லை என்பதையும் அதே நாளில் பேசிவிடலாம். மறுப்பவர் அப்போது கெட்டவராகத் தெரியமாட்டார்.

மூன்றாவது, மூன்று மணி நேரத்தையும் கைவிடச் சொல்லவில்லை, அதில் ஒரு மணியை மட்டும் மீட்டுக்கொள்வோம். அரை மணி வீட்டுக்கு, கால் மணி ஒரு நண்பருக்கு, கால் மணி நடைக்கு. இரண்டு ஆண்டில் அது 670 மணி நேரம், அதாவது 27 நாளுக்கு மேல். டிக்கெட் எடுக்காமலே கிடைக்கும் ஒரு மாத லீவு அது.

நான்காவது, வளைகுடாவில் இயங்கும் நம் ஊர் நலமன்றங்களுக்கு ஒரு கோரிக்கை. இரத்ததான முகாமும் இஃப்தாரும் சிறப்பாக நடத்துகிறீர்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்துப் பந்தை உருட்டுங்கள். அங்கே வராதவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு அவர்கள் அறைக்குப் போய்ப் பாருங்கள்.

ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. பணம் வந்ததா என்று கேட்கும் முன் தூங்கினாயா என்று கேளுங்கள். நிறுத்த முடியாத நிலைக்குப் போனவரை ஏசித் திருத்த முடியாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. அழைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பணத்தைப் பிடுங்கும் விளையாட்டைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. நேரத்தைப் பிடுங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் வரப்போவதில்லை. அடுத்த லீவுக்கு எத்தனை நாள் என்று எண்ணும் நாம், இன்று இரவு அந்த மூன்று மணி நேரம் எங்கே போனது என்பதையும் எண்ணத் தொடங்குவோம்.