கட்டிடத்துக்குக் காசு உண்டு, தண்ணிக்கு யார் பொறுப்பு?



ஆத்துத் தண்ணி நாறுது, கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குது என்று நாம் மனுக் கொடுக்கும்போதெல்லாம் அதிகாரிகளிடமிருந்து வரும் பதில் ஒன்றேதான்: "சுத்திகரிப்பு நிலையம் கட்டப் போறோமுங்க, கொஞ்சம் பொறுங்க." பொறுத்தோம். கட்டினார்கள். மறுபடியும் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் டெண்டர், அடிக்கல், ரிப்பன் வெட்டு, போட்டோ எல்லாம் நடந்தது. நம்ம கிணறு மட்டும் நல்லாகலை. ஏன்? இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

நொய்யல் கதை நமக்குத் தெரியாததல்ல. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கும் ஆறு. இதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். அணையில் தேங்கியதோ சாயத்தண்ணி. சில ஆண்டுகளிலேயே, "மதகைத் திறக்காதீங்க" என்று ஆயக்கட்டு விவசாயியே கும்பிட்டுக் கேட்கும் நிலை வந்தது. தண்ணி வேண்டாம் என்று விவசாயி சொன்ன கொடுமையை வேறெங்காவது கேட்டதுண்டா?

அப்போதும் சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இல்லை. 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. அங்கே என்ன செய்தார்கள்? சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலக்கி, நிறத்தைக் கொஞ்சம் இறக்கி, அடியில் சேறு தங்கவிட்டு, மேல்தண்ணியை ஆற்றில் விட்டார்கள். நிறம் குறைந்தது, உப்பு அப்படியே போனது. கருத்த நிறம் ஏற்ற ஒரு கிலோ பருத்தித் துணிக்கு அரை கிலோ உப்பு வரை பிடிக்கும். கரைந்த உப்பு சுண்ணாம்புக்கும் அடங்காது, பாக்டீரியாவுக்கும் அடங்காது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நிறைவேற்றவே முடியாத நிலையத்தைக் கட்டி, அதற்கும் மானியம் வாங்கினார்கள். கட்டியவர் பில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பில்லின் பாக்கி நம்ம தோப்பில் தென்னங்குருத்துக் காய்ந்ததில் தெரிந்தது.

இதை மாற்றியது யாருடைய கருணையும் அல்ல. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றப் படி ஏறியது. 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், சொட்டுக் கழிவுகூட ஆற்றில் விடக் கூடாது என்றது. கெடு 2007 ஜூலை 31. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். 2009இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்புறமும் சாயத்தண்ணி நிற்காததால், 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் சுறுசுறுப்பு வந்தது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது.

இப்போது ஆர்.ஓ. வைத்திருக்கிறார்கள். நூறு லிட்டரில் 80, 85 லிட்டர் நல்ல தண்ணியாகத் திரும்பப் பட்டறைக்கே போகிறது. மீதியைக் காய்ச்சி ஆவியாக்கி, உப்பைப் பிரித்து மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தலாம். இது முடியாத காரியமல்ல என்பதைத் திருப்பூரே காட்டியிருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காய்ச்சுதலுக்குத்தான் விறகும் கரண்டும் கொள்ளையாகச் செலவாகும். செலவு மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு ராத்திரி மழையும் ஒரு பைபாஸ் குழாயும் போதும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டால் நேரான பதில் இல்லை.

ஆக, நோய் மெஷினில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது. நிலையம் கட்டுகிறவருக்குப் பணம் எதற்குக் கிடைக்கிறது? கான்கிரீட்டுக்கும் மோட்டாருக்கும். தண்ணி சுத்தமாவதற்கு அல்ல. குறைந்த விலை சொன்னவருக்கு டெண்டர். கட்டி முடித்ததும் அவர் கிளம்பிவிடுவார். ஓட்டுவதற்கு ஆளில்லை, கரண்ட் பில் கட்டக் காசில்லை, பழுதான பம்ப்பை மாற்ற யாரிடமும் அதிகாரமில்லை.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லைங்க. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கு இது: நாட்டின் நகரங்களில் ஒரு நாளில் உண்டாகும் சாக்கடை 72,368 மில்லியன் லிட்டர். கட்டியிருக்கும் நிலையங்களின் கொள்ளளவு 31,841. உண்மையில் சுத்தமாவது 20,235 மட்டுமே. நூறு குடம் சாக்கடையில் 28 குடம்தான் நிலையத்துக்குள் போகிறது. கட்டியதிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை செய்யாமல் கிடக்கிறது. வாங்கிய மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவைத்துத் தீனி போடாமல் பால் கேட்பது போன்ற காரியம் இது.

வழி இல்லாமலும் இல்லை. 2016இல் மத்திய அரசு கங்கைத் திட்டத்துக்கு ஒரு முறையை ஏற்றது. கட்டும்போது 40 சதவீதப் பணம். மீதி 60 சதவீதம் 15 ஆண்டுகளில் தவணையாக, நிலையம் ஒழுங்காக ஓடினால் மட்டும். கட்டினவரே ஓட்டவும் வேண்டும். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் கூடாது? ஆனால் ஒன்று: தண்ணி சரியில்லை என்று எழுதித் தரும் கை நேர்மையாக இல்லாவிட்டால் இந்த முறையும் வெறும் காகிதம்தான்.

சிலர் நம்மைத் தொழிலுக்கு எதிரி என்கிறார்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகள்தானே பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள்? 2011இல் பட்டறை மூடியபோது கூலி இழந்தவர்களும் நம்ம சனம்தான். தொழில் வேண்டும், அதன் கழிவுச் செலவைத் தொழிலே ஏற்க வேண்டும் என்கிறோம். மாசு செய்தவரே செலவை ஏற்கவேண்டும் என்று, பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. ஒரு டீ-சர்ட்டுக்குச் சில ரூபாய் கூடினால் வாங்குகிறவர் தாங்குவார். கிணறு கெட்டால் நாம் தாங்க முடியாது.

எனவே நமது கோரிக்கைகள்:

1. இனி எந்தச் சுத்திகரிப்பு நிலைய டெண்டரானாலும், பணத்தின் பெரும்பகுதி வெளிவரும் தண்ணியின் தரத்தைப் பார்த்தே தரப்பட வேண்டும்.

2. தண்ணி மாதிரி எடுக்கும்போது ஆயக்கட்டு விவசாயிகள் இருவர் உடனிருக்க வேண்டும். முன்கூட்டித் தகவல் சொல்லி வரும் சோதனை வேண்டாம்.

3. நிலையத்தின் அன்றாட அளவீடுகள் ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். கரண்ட் பில்லையும் காட்ட வேண்டும். மீட்டர் ஓடாத நாளில் நிலையமும் ஓடவில்லை என்பது படிக்காதவருக்கும் புரியும்.

4. தேங்கிக் கிடக்கும் கலப்பு உப்புக்குக் கெடு வைத்துத் தீர்வு காண வேண்டும்.

5. கெட்டுப்போன கிணறு, நிலம், மாடு கன்றுகளுக்கு இழப்பீட்டை மாசு செய்தவரிடமிருந்தே வசூலித்துத் தர வேண்டும்.

அடுத்த கிராமசபையில் இந்த ஐந்தையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பகுதி நிலையத்தின் அனுமதி உத்தரவையும் ஆய்வு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணியைப் பரிசோதித்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் பேசுவது அந்தச் சீட்டுத்தான்.

கட்டிடம் கேட்டு நாம் போராடவில்லை. நல்ல தண்ணி கேட்டுப் போராடுகிறோம். அது வரும்வரை ஓய மாட்டோம்!

ஒன்றுபடுவோம்! ஆற்றை மீட்போம்!