கண்ணாடிப் பெட்டிக்கும் மறுமையில் கணக்குண்டு



பூனையை அடைத்து வைத்த பெண்ணின் செய்தியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். அவள் அதற்கு உணவளிக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்துவிடவும் இல்லை. அதனால் வேதனைக்கு உள்ளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஜும்ஆ பயானில் அதைக் கேட்டு உருகும் நாம், அதே குற்றத்தைக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கி வருகிறோம்.

தஞ்சையில் வண்ணமீன் விற்கும் கடையொன்றில் நாம் கண்ட காட்சி இது. இரண்டு முழ மீன்தொட்டிக்குள் மூன்று முழப் பச்சை இகுவானா ஒன்று வால் மடங்கிக் கிடந்தது. திரும்பிப் படுக்க இடமில்லை. தண்ணீர்க் கிண்ணம் வறண்டிருந்தது. கேட்டதற்கு, "அது எப்பவும் அசையாமத்தான் கிடக்கும் பாய், ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். அருகே ஒரு சிறுவன் அதை வாங்கித் தரும்படி தன் அத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

இகுவானா மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரமேறி வாழ்வது, இலைதழை தின்பது, ஐந்தடிக்கு மேலும் வளர்வது. வெயிலின் புற ஊதாக் கதிர் உடலில் படாவிட்டால் அதன் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேராது. தாடை மெலியும், கால்கள் வளையும், எலும்பு முறியும். சன்னலோரம் வைத்தாலும் பயனில்லை. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கடைக்காரர் சாதுத்தனம் என்று காட்டியது பெரும்பாலும் நோயின் சோர்வே.

இவை நம் ஊருக்கு வரும் வழியும் நமக்குப் புதிதன்று. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் இறங்கிய ஒரு பயணியின் பையில் 47 பாம்புகளும் 2 பல்லிகளும் துளையிட்ட டப்பாக்களில் அடைபட்டிருந்ததைச் சுங்கத்துறையினர் கைப்பற்றினர். அடுத்த மாதமே அதே விமான நிலையத்தில் 6,000க்கும் மேற்பட்ட ஆமைக் குஞ்சுகள் பிடிபட்டன. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சஃபர் போய்வரும் குடும்பங்கள் நம் டெல்டா ஊர்களில் ஏராளம். பயணச்சீட்டுக்கு ஆசைப்பட்டுக் 'குருவி'யாகும் நம் இளைஞர்களிடம், பையில் மூச்சுத் திணறுவது எது என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

"பல்லியைக் கொன்றாலே நன்மை என்கிறபோது அதை அடைப்பதில் என்ன பாவம்?" என்று சிலர் வினவுகின்றனர். ஒரே அடியில் கொல்வதற்கே கூலி அதிகம் என்பதும் அந்த அறிவிப்பில்தான் இருக்கிறது. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்ன மார்க்கம், மாதக்கணக்கில் அணு அணுவாக வதைக்க அனுமதி தருமா?

வளர்ப்பதே கூடாது என்று நாம் கூறவில்லை. சிறுவர் அபூ உமைர் (ரலி) வளர்த்த சிட்டுக்குருவி இறந்தபோது நபியவர்கள் (ஸல்) அவரிடம் அன்போடு விசாரித்தார்கள், வளர்த்ததைக் கண்டிக்கவில்லை. ஆயினும் கதவை அடைக்கும் கை, அந்த உயிரின் உணவு, நீர், வெயில், இடம் அனைத்துக்கும் பொறுப்பேற்கிறது. அது அமானிதம். நிறைவேற்ற இயலாதவர் ஏற்கக் கூடாது.

நாட்டின் சட்டமும் இதையொட்டியே இருக்கிறது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்கின்றன 2018ஆம் ஆண்டு விதிகள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி, இகுவானா, மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவைக் காட்ட இயலாத கடையில் வாங்காதீர்கள். இரக்கப்பட்டு ஒன்றை மீட்க வாங்கினாலும், அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தாராளமான கூடும் புற ஊதா விளக்கும் அமைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இயலாதெனில் வனத்துறையை அணுகுங்கள். புது ஆற்றிலோ ஊர்க்குளத்திலோ விட்டுவிடுவது விடுதலையன்று. ரூபாய் நாணயம்போல் வாங்கிய சிவப்புக் காது ஆமை ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, நம் குளத்து மீனையும் நாட்டு ஆமையின் இரையையும் பறிக்கும்.

வாயில்லா ஜீவன்கள் இன்று நம்மீது வழக்குத் தொடுக்க மாட்டா. அவற்றையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்று கூறிய ரப்பிடம் நாளை நாம் நிற்க வேண்டியிருக்கிறது. அந்நாளில் பதில் சொல்லத் தக்கவர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.