அம்மாவின் சமையல் ஏடு

சென்ற ஆடிக் கடைசியில் சித்தூரில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். மூத்த பெண்ணுக்குத் தில்லியில் உத்தியோகம். பெட்டியில் புடவை இரண்டே, மற்றவை சுடிதார். பாட்டியார் குறைப்பட்டார், நாம் குறை காணவில்லை. படுக்கை வசதிப் பெட்டியில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம் என்று உத்தியோக முறையில் தெரிவித்தோம். கிளிமூக்கு மாங்காய் ஊறுகாய்ச் சாடிகளைக் கண்டபின், அது போதுமா என்ற ஐயம் நமக்கே எழுந்தது.

பெண்ணோ தாயாரின் சமையல் ஏட்டைத் தெலுங்கு எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் கற்றது தெலுங்கு. தாயார் படித்துச் சொல்ல, மகள் எழுதினாள். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அந்த எல்லைக்கோடு ஓர் அடுப்பங்கரையின் குறுக்கேயும் ஓடுவதை அன்றுதான் கண்டோம். அவள்மீது குற்றமில்லை, எழுத்தை யார் சொல்லிக் கொடுத்தோம்?

திருப்பதி நிலையத்தில் தாயார் மூல ஏட்டையும் அவள் கையில் திணித்தார். "இது எதற்கம்மா?" என்றவள், ஜன்னலோரம் அமர்ந்து அதைப் பிரித்தாள். "கி... ளி... மூக்கு" வரை எழுத்துக்கூட்டினாள். அடுத்த சொல்லுக்குள் வண்டி நகர்ந்துவிட்டது.